பின்வளவில் இரண்டு சின்ன வீடுகள்

விருந்தாளிகள் வந்து தங்குவதற்கென்று பின்வளவில் நாங்கள் கட்டிய இரண்டு சின்ன மரவீடுகளில் ஒன்றில்தான் இப்போது நானும் என் கணவரும் குடியிருக்கிறோம். ஒரு கட்டில், இரண்டு கதிரை, ஒரு மேசை, சுவரோடு ஒட்டிய சின்னக் குசினி. இவ்வளவுதான் உள்ளே. யன்னலைத் திறந்தால் புல்வெளிக்கு அப்பால் எங்கள் பெரிய வீடு நிற்கும். அதற்குள் போய் இருப்பதற்கு எங்களுக்கு அனுமதி இல்லை.

அந்த வீட்டை வாங்குவதற்கு முன் நாங்கள் ஜெர்மனியில் வுப்பர்டால் நகரத்தில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தோம். கணவர் அகதியாக வந்து, உணவகங்களில் கோப்பை கழுவி, பிறகு யன்னல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தவர். மரம் அறுப்பதில் தொடங்கி, சட்டம் இணைத்து, கண்ணாடி பொருத்துவது வரைக்கும் எல்லாவற்றையும் அங்கேயே பழகினார். நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வைத்தியம், விரதம், நேர்த்தி எல்லாம் பார்த்து, கடைசியில் அந்தப் பேச்சை எடுப்பதையே இருவரும் விட்டுவிட்டோம்.

எங்கள் வீட்டில் ஆட்கள் நிறைந்திருப்பது கோடையில் மட்டும்தான். ஊன்ட்றொப்பில் இருக்கிற அம்பாள் கோயிலின் தேருக்கு வருகிற சொந்தக்காரர் எல்லோரும் எங்களிடம்தான் தங்குவார்கள். பாரிஸிலிருந்து கணவரின் அக்கா குடும்பம், கனடாவிலிருந்து அவருடைய தம்பி குடும்பம், அவர்களோடு வருகிறவர்கள். இரண்டு அறைகளிலும் நடுக்கூடத்திலும் பாய் விரித்துப் படுப்போம். படிக்கட்டில் சப்பாத்துகள் கிடந்தால் கீழ்வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டுவாள். ஒருமுறை வீட்டுச் சொந்தக்காரரே வந்து, இத்தனை பேர் தங்குவதற்கு இது விடுதி இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார். கனடாத் தம்பி சிரித்துச் சமாளித்தார். என் கணவர் வெளியே போய், எல்லோருடைய செருப்புகளையும் சப்பாத்துகளையும் அள்ளிக்கொண்டு வந்து குளியலறைத் தொட்டிக்குள் போட்டார். தன் அக்காவின் செருப்பை மட்டும் துடைத்துத் தனியே வைத்தார். அந்த வருடத்திலிருந்துதான் அவர் வீடு தேடத் தொடங்கினார்.

ஊன்ட்றொப்பிலிருந்து கொஞ்சத் தூரத்தில், லிப்ப ஆற்றுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அந்த வீட்டைக் கண்டோம். முன்னொரு காலத்தில் வண்டில் செய்கிற தச்சர் ஒருவர் தனக்கென்று கட்டியது. தடித்த ஓக் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பூட்டி, இடையில் களிமண் அடைத்துக் கட்டிய வீடு. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் இப்படித்தான் இருக்கும். வாசல் உத்தரத்தில் தச்சரின் பெயரையும் மனைவியின் பெயரையும் வெட்டியிருந்தார்கள். பல வருடங்களாக ஆளில்லாமல் கிடந்ததால் புகைபோக்கிக்குள் காக்கைகள் கூடு கட்டியிருந்தன. மேல்மாடியில் ஒரு மூலையில் கூரை திறந்து வானம் தெரிந்தது.

எனக்கு அதைப் பார்த்ததும் திரும்பிப் போக வேண்டும் போல இருந்தது. கணவர் ஒரு தூணில் உள்ளங்கையை வைத்து நெடுநேரம் நின்றார்.

“இஞ்ச பாரும், இந்தத் தச்சன் ஒரு ஆணி அடிக்கேல்ல. எல்லாம் மரத்துக்கு மரம் பூட்டினது” என்றார்.

அவர் குரலில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதற்கு மேல் என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. அந்த வீடு அரசாங்கத்தின் பழமைப் பாதுகாப்புப் பட்டியலில் இருந்தது. அதை இடிக்க முடியாது, வெளித்தோற்றத்தை மாற்ற முடியாது என்று வாங்கும்போதே சொன்னார்கள். இடிப்பதற்கா வாங்குகிறோம் என்று கணவர் அப்போது சிரித்தார்.

பிறகு வந்த வருடங்களில் எங்களுக்குச் சனி ஞாயிறு என்று ஒன்று இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் கார் ஏறுவோம். நான் பழைய களிமண்ணை வாளிகளில் அள்ளிக் கொட்டினேன். அவர் கூரையைத் திருத்தினார், உக்கிய சட்டங்களை வெட்டி எடுத்துப் புதுசு பூட்டினார். தெரிந்த பெடியன்கள் சிலர் வந்து கைகொடுத்தார்கள். நான் அவர்களுக்குச் சமைத்தேன், பின்னேரத்தில் என் விரல்களில் வெங்காய மணமும் சுண்ணாம்பு மணமும் சேர்ந்து இருக்கும். வுப்பர்டாலை விட்டு வந்து அங்கேயே இருக்கத் தொடங்கியபோதும் வீடு பாதிதான் முடிந்திருந்தது. நான் பக்கத்து நகரத்து முதியோர் இல்லத்துக்கு மாறினேன். கணவர் தன் தொழிற்சாலைக்குத் தினமும் நெடுந்தூரம் கார் ஓடிப் போய் வந்தார்.

யன்னல்களை மட்டும் அவர் வெளியே யாரிடமும் வாங்கவில்லை. முதலாளியிடம் கேட்டு, வேலை முடிந்த பிறகு தொழிற்சாலையிலேயே நின்று தன் கையால் ஒவ்வொன்றாகச் செய்தார். வெளியிலிருந்து பார்த்தால் பழைய காலத்துச் சின்னச் சின்னக் கண்ணாடிகள். ஆனால் மூடினால் குளிர்ப்பெட்டிக் கதவு மாதிரி இறுகும். பழமைப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வந்தவர்கூட அந்த யன்னல்களைத் தடவிப் பார்த்துப் பாராட்டினார். வெளிச்சுவர்களின் உட்புறத்தில் கணவர் குளிர் தடுக்கும் பஞ்சை அடைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் இழுத்து, பலகை அடித்து வெள்ளை பூசினார். முதல் பனிக்காலத்தில் நான் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்தேன். ஜெர்மனிக்கு வந்த நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை.

வீடு முடிந்த பிறகுதான் பின்வளவில் இரண்டு சின்ன வீடுகளையும் கட்டினார். ஒன்று அக்கா குடும்பத்துக்கு, மற்றது தம்பி குடும்பத்துக்கு. ஒவ்வொன்றிலும் கட்டில், சின்னக் குசினி, குளிக்கிற இடம். யாரும் யாருடைய படுக்கையையும் தாண்டிப் போகத் தேவையில்லை, யாரும் செருப்பை ஒளிக்கத் தேவையில்லை என்றார். இரண்டுக்கும் கருஞ்சிவப்பு நிறம் பூசினார். நான் யன்னல்களுக்குத் திரை தைத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு வந்த கோடைகள் இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கின்றன. தேருக்கு முதல்நாள் வளவு முழுக்கக் கார்கள் நிற்கும். மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றில் பட்டுச் சேலைகளும் கட்டில் விரிப்புகளும் சேர்ந்து காயும். பிள்ளைகள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சண்டை பிடிப்பார்கள். அக்கா, எனக்கு மச்சாள், விடிய எழும்பிச் சின்ன வீட்டின் படியில் இருந்து கறிவேப்பிலை உருவுவார். அம்மா செத்த பிறகு என் கணவரை வளர்த்தவர் அவர்தான். கதைக்கும்போது கண்டிப்பானவர். உப்புக் கூடினால் கூடிவிட்டது என்று முகத்துக்கு நேரே சொல்வார். என்னைப் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். அவரோடு எனக்கு ஒருநாளும் மனக்கசப்பு வந்ததில்லை. அவர் சொன்னால் சொன்னதுதான், உள்ளே ஒன்றும் வைத்துக்கொள்ளமாட்டார்.

கணவர் அந்த நாட்களில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு வளவின் நடுவில் இருப்பார். ஒன்றும் செய்யமாட்டார். வருகிறவர்களையும் போகிறவர்களையும் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்.

மச்சாளின் கணவர் காலமான அடுத்த கோடையில் அவர் தனியே வந்தார். சின்ன வீட்டில் தனியாகப் படுக்க மனமில்லை என்றார். பெரிய வீட்டின் கீழறையை, ஆற்றுப்பக்கம் பார்த்த அறையை, நான் அவருக்கு ஒழுங்குபடுத்திக் கொடுத்தேன். அடுத்த நாள் காலை தேத்தண்ணி குடிக்கும்போது அவர் சொன்னார்:

“தம்பி, உந்த அறைக்குள்ள ஒரு மணம் கிடக்கு. நனைஞ்ச காளான் மாதிரி. என்னெண்டு ஒருக்காப் பார்.”

“பழைய வீடு அக்கா. பழைய மரம் மணக்குந்தானே” என்றார் கணவர்.

அந்த அறைக்குள் போய் நானும் மோந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தளபாடம் துடைக்கிற எண்ணெய் மணமாக இருக்கலாம் என்று நினைத்தேன்.

மச்சாள் அதை விடவில்லை. மத்தியானம், தம்பி குடும்பமும் வேறு சொந்தக்காரரும் இருந்து சாப்பிடுகிற நேரத்தில், சுவருக்குள் ஏதோ ஊறுகிறது, பலகையைக் கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும் என்று திரும்பவும் சொன்னார். கனடாத் தம்பியின் மகன் ஏதோ பகிடி விட, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். என் கணவர் சாப்பாட்டுக் கோப்பையை மேசையில் வைத்தார்.

“அக்கா, நீங்கள் ஆயுள் முழுக்க வாடகை வீட்டில இருந்தனீங்கள். சொந்த வீட்டின்ர மணம் உங்களுக்குத் தெரியாது.”

எல்லோரும் குனிந்து சாப்பிட்டோம். மச்சாள் கையைக் கழுவிவிட்டுப் போய்த் தன் பையை அடுக்கத் தொடங்கினார். நான் அறை வாசலில் நின்று கெஞ்சினேன். தேர் முடியட்டும் மச்சாள், நாளைக்குத்தானே தேர் என்றேன்.

“ஏலாது பிள்ளை” என்றார். “அவன் என்னைப் பேசினது பெரிசில்ல. எல்லாருக்கும் முன்னால என்ர புருசனையும் சேர்த்துப் பேசிப்போட்டான்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இறந்துபோன அந்த மனிதர் பாரிஸில் கடைசிவரைக்கும் ஒரு வீடு வாங்க வேண்டும் என்று ஓடி, முடியாமல் போனவர். கணவருக்கு அது தெரியும். சொல்லும்போது அதை நினைத்திருக்கமாட்டார். ஆனால் சொல்லிவிட்டார். அன்று பின்னேரமே பாரிஸுக்குத் திரும்புகிற ஒருவரின் காரில் மச்சாள் ஏறினார். கணவர் பின்வளவில் நின்று செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கார் போகிற சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

அவர் மன்னிப்புக் கேட்பார் என்று நான் நினைத்தேன். அக்கா முதலில் ஃபோன் எடுக்கட்டும் என்றார் அவர். அக்காவும் எடுக்கவில்லை. வருடப்பிறப்புக்கும் தீபாவளிக்கும் நான் மட்டும் எடுத்துக் கதைப்பேன். மச்சாள் என்னோடு வழமைபோலக் கதைப்பார், தம்பி சுகமோ என்று கேட்பார், பிறகு கதையை மாற்றிவிடுவார். கோடைகளில் அவருடைய சின்ன வீடு பூட்டிக் கிடந்தது.

பிறகொரு பனிக்காலத்தில், கீழறைத் தளபாடங்களின் மேல் செங்கல் நிறத்தில் மெல்லிய தூசு படியத் தொடங்கியது. நான் துடைப்பேன், சில நாட்களில் திரும்பவும் இருக்கும். புகைபோக்கியிலிருந்து வருகிறது என்று கணவர் சொன்னார். ஒருநாள் அலுமாரியைத் திறக்கப் போனபோது அது முன்னுக்குச் சரிந்தது. அதன் ஒரு கால் தரைப்பலகைக்குள் இறங்கியிருந்தது.

கணவர் முழங்காலில் இருந்து சுவரோரப் பலகையைப் பெயர்த்தார். பின்னால் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதோ சுவர் முழுக்கப் படர்ந்திருந்தது. அதிலிருந்து சாம்பல் நிறத்தில் வேர் போன்ற கயிறுகள் அத்திவாரச் செங்கல் இடுக்குகளுக்குள் ஓடின. இன்னும் கொஞ்சம் பெயர்த்தார். சுவரின் அடியில் கிடந்த பெரிய மரச்சட்டம் சின்னச் சின்னக் கட்டிகளாக வெடித்திருந்தது. அவர் விரலால் தொட, அது அடுப்புக்கரி மாதிரி உதிர்ந்தது. அப்போது அந்த மணம் எனக்கும் வந்தது. நனைந்த காளான் மணம்தான்.

அவர் பலகையைத் திரும்பவும் இருந்த இடத்தில் வைத்துச் சாத்தினார். தரையில் அப்படியே இருந்தார். நான் கூப்பிட்டபோது, “கொஞ்சம் பொறும்” என்று மட்டும் சொன்னார்.

பழைய வீடுகளைச் சோதிக்கிற நிபுணர் ஒருத்தி வந்தாள். என் வயதுக்காரி, மெதுவாகப் பேசுகிறவள். கையில் ஒரு டோர்ச்சும் மரப்பிடி போட்ட நீண்ட ஊசியும் வைத்திருந்தாள். ஒவ்வொரு தூணாக அந்த ஊசியால் குத்திக்கொண்டு போனாள். சில இடங்களில் டொக் என்று நின்றது. பல இடங்களில் பிடி வரைக்கும் உள்ளே போனது. ஹவுஸ்ஷ்வாம் என்றாள். வீடுகளின் மரத்தைத் தின்கிற பூஞ்சணம். வேறு பூஞ்சணங்கள் ஈரம் உள்ள இடத்தோடு நின்றுவிடும், இது தன் வேர்களால் தண்ணீரைக் காவிக்கொண்டு போய்க் காய்ந்த மரத்தையும் தின்னும், சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகும் என்று விளங்கப்படுத்தினாள். நான் துடைத்த சிவப்புத் தூசு அதன் வித்து என்றாள்.

ஏன் வந்தது என்று நான் கேட்டேன். கணவர் கேட்கவில்லை. அவள் சொன்னாள். இப்படியான வீடுகளில் முன்பு காற்று எல்லா இடுக்குகளாலும் போய் வந்துகொண்டிருந்தது, மழைக்கு நனைந்த மரம் தானாகக் காய்ந்துவிடும். இப்போது யன்னல்கள் இறுக்கமாக மூடுகின்றன. சுவரின் உள்ளே பிளாஸ்டிக் தாள். நனைந்த மரம் காய வழியில்லை.

உட்சுவர் வேலையை யார் செய்தது என்று கேட்டாள். நிறுவனம் ஏதும் செய்திருந்தால் நட்டஈடு கேட்கலாம் என்றுதான் கேட்டாள், குற்றம் சொல்வதற்கில்லை.

“இஹ்” என்றார் கணவர். நான்தான்.

அவள் தலையாட்டினாள். போகும்போது என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள். முதியோர் இல்லத்தில் ஒருவர் இறந்துபோனால் அவருடைய பிள்ளைகளின் கையை நான் அப்படித்தான் பிடிப்பேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒவ்வொரு கதவாக மூடியதுதான். காப்புறுதி நிறுவனம் பூஞ்சணம் எங்கள் ஒப்பந்தத்தில் இல்லை என்றது. திருத்துவதானால் வீட்டின் பாதி மரத்தை வெட்டி எடுத்து எரிக்க வேண்டும், சுவர்களைச் சூடாக்க வேண்டும். அதற்கு எங்களிடம் வழியில்லை, வங்கியும் கைவிரித்தது. அரசாங்க உதவிக்கு அன்ட்ராக் எழுதி விண்ணப்பித்தோம், வரிசை நீளம் என்றார்கள். பாதுகாக்கப்பட்ட வீடென்பதால் இடிக்கவும் விடமாட்டார்கள். விற்கலாம் என்று பார்த்தால், பூஞ்சணம் என்ற சொல்லைக் கேட்டதும் வந்தவர்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனார்கள். கடைசியில் கட்டட அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்து, மேல்தளம் எப்போதும் இறங்கலாம், உள்ளே யாரும் வசிக்கக் கூடாது என்று எழுதி ஒட்டினார்கள். நாங்கள் உடுப்புகளையும் சாமிப்படங்களையும் சட்டி பானைகளையும் தூக்கிக்கொண்டு புல்வெளியைத் தாண்டி மச்சாளுடைய சின்ன வீட்டுக்கு வந்தோம். மர அலுமாரிகளையும் கட்டில்களையும் கொண்டுவரக் கூடாது, அவற்றிலும் வித்து இருக்கலாம் என்றார்கள்.

கணவர் முதல் மாதங்களில் சும்மா இருக்கவில்லை. முகமூடி போட்டுக்கொண்டு தினமும் உள்ளே போய்த் தான் அடித்த பலகைகளைப் பிடுங்கினார், தாள்களைக் கிழித்தார். போகக் கூடாது என்று நான் எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. பிறகு யன்னல்களைக் கழற்றத் தொடங்கினார். சட்டங்களில் இன்னும் பூஞ்சணம் ஏறவில்லை. ஒவ்வொன்றையும் துடைத்து, மருந்து பூசி, கொண்டுபோய் மற்றச் சின்ன வீட்டுக்குள் சுவரோடு சாய்த்து வைத்தார். அவை இருந்த இடங்களில் மெல்லிய பலகை அடித்தார். எதற்கு இப்படி வைக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் ஏணியை அடுத்த யன்னலுக்கு நகர்த்தினார். கடைசி யன்னலை இறக்கும்போது ஏணியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இதயத்தில் குழாய் வைத்தார்கள். இனிப் பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். தொழிற்சாலையும் அவரை ஓய்வில் அனுப்பியது.

கனடாத் தம்பி விசயத்தைக் கேட்டு வருத்தப்பட்டார். அடுத்த கோடையில் தேருக்கு வந்தபோது விடுதியில் அறை எடுத்தார். ஒரு பின்னேரம் குடும்பத்தோடு வந்து வளவில் நின்று வீட்டைப் பார்த்தார்கள். பிள்ளைகள் படம் எடுத்தார்கள். இருக்கச் சொல்ல எங்களிடம் இரண்டு கதிரைகள்தான் இருந்தன. கணவர் தேருக்கு வரவில்லை. நான் மட்டும் போய், வெயிலில் சனத்தோடு சனமாக நின்று, எதையும் கேட்கத் தோன்றாமல் திரும்பி வந்தேன்.

மச்சாளுக்குச் சொல்ல வேண்டும் என்று நான் அவரை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் சொன்னால் சரியில்லை என்றேன். அவருக்கு எடுக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பார், பிறகு மேசையில் வைத்துவிடுவார். எடுத்து என்ன சொல்வது என்றார். நீங்கள் சொன்னது சரி என்று சொல்லுங்கோ, அதுபோதும் என்றேன். அது சொல்லத்தான் ஏலாமல் கிடக்கு என்றார்.

அப்படியிருக்க மச்சாளின் மகளே எனக்கு எடுத்தாள். அம்மாவுக்கு ஞாபகம் தடுமாறத் தொடங்கி நாளாகிறது, இப்போது முதியோர் இல்லமொன்றில் விட்டிருக்கிறோம், மாமாவைத் தேடுகிறார் என்றாள். கடைசியாக நான் கதைத்தபோது ஒரே கேள்வியை மச்சாள் திரும்பத் திரும்பக் கேட்டது எனக்கு நினைவு வந்தது. இந்த வேலையில் இத்தனை வருடம் இருக்கிற எனக்கு அன்றே தெரிந்தது. தெரிந்ததை நம்பாமல் விட்டிருந்தேன்.

ரயிலில் பாரிஸ் போனோம். வழி முழுக்கக் கணவர் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார் என்று நினைக்கிறேன். உதடு அசைந்துகொண்டிருந்தது. இல்லத்தில் மச்சாள் யன்னலோரக் கதிரையில் இருந்தார். மெலிந்திருந்தார். தலையை யாரோ அழகாக வாரி விட்டிருந்தார்கள். தம்பியைக் கண்டதும் முகம் விரிந்தது.

“வந்திட்டியே. சாப்பிட்டனியே?”

கணவர் அவர் காலடியில் இருந்தார். கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா, அண்டைக்கு நான் கதைச்சது பிழை, நீங்கள் சொன்ன மணம் என்று தொடங்கினார். மச்சாள் அவரைக் கூர்ந்து பார்த்தார். எந்த மணம் என்று கேட்டார். கணவர் திரும்பவும் முதலிலிருந்து சொன்னார். கோபித்துக்கொண்டு போனதை, காரை, தேருக்கு முதல்நாளை எல்லாம் சொன்னார். மச்சாள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். ஆனால் அவர் கண்ணில் ஒன்றும் ஏறவில்லை. யாரோ வேறு ஆட்களின் கதையைக் கேட்பது போல இரக்கப்பட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சீச்சீ, நான் ஏன் உன்னோட கோவிக்கிறன்” என்றார். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினார். “பிள்ளை, என்ர சின்ன வீட்டைக் கூட்டித் துடைச்சு வை. இந்த முறை தேருக்கு நான் வாறன்.”

நான் கணவரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓம் மச்சாள். வாங்கோ” என்றேன்.

திரும்பி வருகிற ரயிலில், எல்லைக்கு அருகில் வரும்போது, மன்னிச்சாவோ இல்லையோ எண்டு எனக்கு இனித் தெரியாது என்றார் அவர். நான் மன்னித்துவிட்டார் என்று சொன்னேன். அவர் அதை நம்பவில்லை. சொல்லும்போது நானும் நம்பவில்லை. நினைவில் இல்லாத ஒன்றை யார் மன்னிப்பது?

மச்சாள் அந்தக் கோடை வரைக்கும் இருக்கவில்லை. வசந்தத்தில் நிமோனியா வந்து போய்விட்டார். செத்தவீட்டுக்கு நாங்கள் போனோம். மகள் சொன்னாள், அம்மா கடைசி மாதங்களில் எப்போதும் ஒரு பையில் உடுப்பு அடுக்கி வைத்திருப்பார், தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்று தாதிகளிடம் சொல்லுவார் என்று. ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் அவள் அதைச் சொன்னாள். கணவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

இப்போது நான் காலையில் வேலைக்குப் போய்ப் பின்னேரம் வருகிறேன். அவர் சின்ன வீட்டுக்குள் இருக்கிறார். தொலைக்காட்சி ஓடும், பார்க்கமாட்டார். கோயிலுக்கு வாங்கோ, பீலெஃபெல்டில் உங்கள் கூட்டாளி வீட்டுக்காவது போய் வாங்கோ என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். பிறகு பார்ப்பம் என்பார். நான் வற்புறுத்துவதை விட்டுவிட்டேன். என் ஓய்வுக்குப் பிறகு எங்கே போவோம் என்று யோசிப்பதையும் விட்டுவிட்டேன். எங்களுக்கு விற்க முடியாத, இடிக்க முடியாத, உள்ளே போக முடியாத ஒரு வீடு இருக்கிறது. அதைவிட்டு வேறெங்கும் போகவும் வழியில்லை.

போன புரட்டாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வேலியோரம் சருகு கூட்டிக்கொண்டிருந்தேன். தெருவில் சைக்கிளில் வந்த வயதான ஜெர்மன் தம்பதி ஒன்று நின்றது. முன்பக்கத்து யன்னல்களின் வெளி மரக்கதவுகள் சாத்தியிருப்பதால் உள்ளே அடித்த பலகைகள் அங்கிருந்து தெரியாது. தெருவிலிருந்து பார்த்தால் கணவர் எண்ணெய் பூசிய கறுப்புச் சட்டங்களும் வெள்ளைச் சுவர்களும் வெயிலில் புதுசு போல இருக்கும். எவ்வளவு அழகாகத் திருத்தியிருக்கிறார்கள் என்று அந்த மனிதர் மனைவியிடம் சொன்னார். பிறகு என்னைக் கண்டு, பின்னால் தெரிகிற சின்ன வீடுகள் வாடகைக்கு விடுவதா, இரண்டு நாள் தங்க முடியுமா என்று கேட்டார்.

இல்லை என்றேன். பெரிய வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். ஒருவரும் இல்லை என்றேன்.

பாவம், இவ்வளவு நல்ல வீடு என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள். கணவர் சின்ன வீட்டின் படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் திரும்பியபோது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். நான் மிச்சச் சருகையும் கூட்டி முடித்தேன்.